ஏரிக்குப் போன பதில் ஆள்

எங்கள் நீரேற்று நிலையத்தில் பம்ப் நின்றாலும் நிற்கலாம், பம்ப்புக்குப் பக்கத்தில் ஆள் நிற்காமல் இருக்கக் கூடாது. அடுத்த ஆள் வந்து, ஓடுகிற மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, "சரி, நீங்க போங்க" என்று சொல்லும்வரை பழைய ஆள் வாசற்படியைத் தாண்ட முடியாது. வீட்டில் குழந்தை பிறந்தாலும் சரி, கூரை பறந்தாலும் சரி. நான்தான் அந்த அடுத்த ஆள். எனக்கென்று சொந்தமாக ஒரு பம்ப் கிடையாது. யாருக்குக் காய்ச்சலோ, யார் வீட்டில் கல்யாணமோ, அந்த இடத்தில் போய் நிற்பேன். குடிநீர் வாரியம் என் பதவிக்கு வைத்த பெயர் பதில் ஆள். எல்லோரும் கூப்பிடுவது மாத்து. ஊரில் உள்ள கல்யாணத்துக்கெல்லாம் லீவு கிடைக்க வழி செய்தவன் நான். எனக்கு மட்டும் இன்னும் ஆகவில்லை.

பெரிய பம்ப்பை ஓட்டுகிறவரைப் பெரிய பம்ப் அண்ணன் என்போம். ஆள் சின்ன உருவம்தான், பெரியது பம்ப். ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். உள்ளே பேரிங் தேய்கிறதா, கிரீஸ் வற்றுகிறதா என்று சொல்லிவிடுவார். "அந்தக் காதுல கால்வாசியை வீட்டுக்குக் கொண்டு வந்தா தேவலை" என்பார் அவர் மனைவி, அதாவது எங்கள் அண்ணி. அண்ணி சொல்வதிலும் நியாயம் இருந்தது. அண்ணனுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. பிள்ளைகள் எழும்போது அவர் இருக்க மாட்டார்; அவர் எழும்போது பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். மூடி வைத்த தட்டு காலியாக இருந்தால் அப்பா வந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். இப்படியே இரண்டு பெண்களும் வளர்ந்துவிட்டார்கள். பெரியவள் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டாள். சின்னவள் இன்னும் பள்ளிக்கூடம்.

பெரியவளுக்குக் கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போனால் சில வருஷங்களுக்குத் திரும்பி வர முடியாது என்று ஒப்பந்தம். மறுநாள் அண்ணன் மோட்டார் துடைக்கிற துணியைக் கையில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் என்னிடம் வந்து நின்றார்.

"மாத்து, ரெண்டு நாள் எனக்காக நிப்பியா? அவ போறதுக்குள்ள எல்லாரும் ஒண்ணா எங்கயாவது போயிட்டு வரணும். இதுவரைக்கும் போனதே இல்லப்பா."

"இதையெல்லாம் கேக்கணுமாண்ணே? நாலு நாள் போயிட்டு வாங்க."

விஷயம் இவ்வளவுதான். முன்பென்றால் மேலாளர் தலையை ஆட்டியிருப்பார், நான் போய் நின்றிருப்பேன், இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. போதாத காலம், அப்போதுதான் வாரியத்தில் குடும்பக் களிப்புப் பிரிவு என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள்.

திறந்த காரணம் இது: எங்கள் வாரியத் தலைவர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். அங்கே ஒருவர், குடும்பத்தோடு சேர்ந்து திட்டம் போட்டுச் சுற்றுலா போகிற தொழிலாளி நன்றாக வேலை செய்வான் என்று பேசியிருக்கிறார். தலைவருக்கு அது நெஞ்சைத் தொட்டுவிட்டது. தனியாகப் போனவர் தனியாகத் திரும்பி வந்து, ஊழியர்கள் யாரும் இனித் திட்டமில்லாமல் சந்தோஷப்படக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். மேல்மாடியில் ஒரு அறை, அதில் யாரும் உட்காரக் கூடாத ஒரு சோபா, ஒரு களிப்பு அலுவலர். அலுவலர் அதற்கு முன்பு கழிவுநீர்ப் பிரிவில் அடைப்பு எடுப்பதை மேற்பார்வை பார்த்தவர். குடும்பமும் ஒரு குழாய்தான், எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கும், குத்திவிட்டால் சரியாகிவிடும் என்பது அவருடைய கொள்கை.

அண்ணன் லீவு கேட்டுப் போனபோது துணைக்கு நானும் போனேன். அலுவலர் எழுந்து நின்று பேசினார். இரண்டு பேர் இருந்தாலும் கூட்டம் கூட்டம்தான் என்று நினைக்கிறவர் அவர்.

"சும்மா லீவு எடுத்துட்டுப் போறதெல்லாம் பழைய காலம்பா. அது வெறும் ஊர் சுத்தறது. களிப்புன்னா முறை இருக்கு. முதல்ல வீட்டுல திட்டமிடல் கூட்டம். அப்புறம் ஒத்திகை. அதுக்கப்புறம்தான் பயணம். என்னையே எடுத்துக்கோங்க. நான் என் குடும்பத்தோட ஒரு நாள்கூட வெளிய போனதில்ல. ஏன்? நேரமில்ல. உங்க குடும்பங்களை எப்படி வெளிய அனுப்பறதுன்னு ராப்பகலா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். என் சம்சாரம் கோவிச்சுக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. அதையும் ஒரு பயணமா எங்க அறிக்கையில சேத்துட்டோம்."

அண்ணன் பணிவாக, "சார், பொண்ணு அடுத்த மாசம் போயிடுவா" என்றார்.

"அதுக்குள்ள முடிச்சிடலாம். நீங்கதான் எங்க முதல் குடும்பம். தலைவரே கொடி அசைக்கிறார்!"

வீட்டில் நடக்கிற திட்டமிடல் கூட்டத்துக்கு வாரியத்தின் சார்பில் ஒரு பார்வையாளர் இருக்க வேண்டும். பார்வையாளருக்குக் குடும்பம் இருந்தால் தன் வீட்டு ஞாபகத்தில் பாரபட்சம் காட்டிவிடுவாராம். அதனால் குடும்பம் இல்லாதவனாகத் தேடினார்கள். தேட வேண்டிய அவசியமே இல்லை, நான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சட்டைப்பையில் பார்வையாளர் பேட்ஜைக் குத்திக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சின்ன வீடு. நடு அறையிலேயே கட்டில், தையல் மிஷின், சின்னவளின் புத்தகப் பை. இருந்த ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் நாலு பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கு வந்த அதிகாரி போல எனக்கே கூச்சமாக இருந்தது. எல்லோரும் பேச வேண்டும், ஒருமனதாக முடிவு எடுக்க வேண்டும், யாரும் அழக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்த மூன்று விதிகளையும் சொன்னேன்.

"எங்க வேணா போகலாம், அங்க நான் சமைக்கக் கூடாது" என்றார் அண்ணி.

"படகு இருக்கணும்" என்றாள் சின்னவள்.

பெரியவள் தோளைக் குலுக்கினாள். "எனக்கு எதுவும் வேணாம். எல்லாரும் போறதே போதும்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "சொன்னா சிரிப்பீங்க" என்றார். பிறகு சொன்னார். "ஒரே ரூம்ல நாலு பேரும் பாயை விரிச்சு, ஒரே நேரத்துல தூங்கணும். நீங்க தூங்கறதை நான் பார்த்திருக்கேன். நான் தூங்கறதை நீங்க பார்த்திருப்பீங்க. நாலு பேரும் சேந்து தூங்கினதே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அழக் கூடாது என்ற விதி மீறப்படுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. நல்லவேளை, அண்ணி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். படகும் தங்கும் விடுதியும் இருக்கிற ஒரு ஏரியை ஒருமனதாக முடிவு செய்தோம். பெரியவள் விமானம் ஏறுகிற ஊர் அந்த ஏரிக்குப் பக்கத்தில்தான். பயணம் முடிகிற அன்றைக்கே அவளை அங்கிருந்து வழியனுப்பிவிட்டு வரலாம் என்றும் ஆயிற்று.

அலுவலர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், அண்ணன் ஆசையைத் தவிர. "தூக்கம் களிப்பு வகையில வராது. அது ஓய்வு வகை. ஓய்வுக்குத் தனிப் பிரிவு வரப்போகுது. அதோட அலுவலர் இப்போ லீவுல இருக்கார்."

ஒத்திகை வாரியத்தின் கூட்ட அரங்கில் நடந்தது. நாற்காலிகளைப் பஸ் மாதிரி வரிசையாகப் போட்டிருந்தார்கள். குழாய் மூடுகிற நீலத் தார்ப்பாயைத் தரையில் விரித்து, அதுதான் ஏரி என்றார்கள். அலுவலர் கையில் விசில். விசில் ஒருமுறை ஊதினால் பஸ் புறப்பட்டுவிட்டது, இரண்டுமுறை ஊதினால் இயற்கைக் காட்சி.

"இப்போ ஜன்னல் வழியா வேடிக்கை பாருங்க!"

நாலு பேரும் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடச் சொல்லும் படம் ஒன்று தொங்கியது.

"சந்தோஷம் பத்தல. அந்தம்மா முகத்துல அடைப்பு இருக்கு. எடுங்க, எடுங்க!"

அண்ணி சிரித்துக் காட்டினார். அது பல்வலிக்காரர் பல்லைக் காட்டுவது போலத்தான் இருந்தது. அண்ணனுக்கு அந்த வாரம் இரவு வேலை. இரவெல்லாம் நின்றுவிட்டு நேராக ஒத்திகைக்கு வந்திருந்தார். மூன்றாவது இயற்கைக் காட்சியில் அவர் தலை சாய்ந்து பெரியவள் தோளில் விழுந்துவிட்டது. லேசாகக் குறட்டையும் வந்தது.

அலுவலர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். பெரியவள் ஒரு கையைத் தூக்கி அவரைத் தடுத்தாள். "வேணாம் சார். எழுப்பாதீங்க."

"பயணத்துல தகப்பன் தூங்கிட்டா எப்படிம்மா?"

"இருக்கட்டும் சார். நாங்க வேடிக்கை பார்க்கறோம்."

அவள் தோளை அசைக்கவே இல்லை. அண்ணியும் சின்னவளும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் அந்த நாற்காலி பஸ் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அலுவலர் பொறுமை இழந்து, நேரம் போதாததால் ஏரியை ரத்து செய்கிறோம் என்று அறிவித்துவிட்டுப் போனார். பின்னால் நடந்ததை யோசித்தால், அண்ணன் குடும்பத்தோடு போன பயணம் என்று சொல்ல அது ஒன்றுதான்.

புறப்படும் நாள் வந்தது. எல்லோருக்கும் ஒரே மஞ்சள் நிறத்தில் சட்டை கொடுத்திருந்தார்கள். அண்ணன் விடியற்காலையிலேயே மஞ்சள் சட்டையோடு பம்ப் அறைக்கு வந்துவிட்டார். இரவெல்லாம் நின்ற இரவு ஆள் களைத்துப் போயிருக்கிறாரே என்று, "நீங்க வீட்டுக்குப் போங்க, மாத்து வர்றவரைக்கும் நான் நிக்கறேன்" என்று அவரை அனுப்பியும் விட்டார். என்னை அலுவலர் முதலில் வாசலுக்கு வரச் சொல்லியிருந்தார். வாசலில் பஸ், பந்தல், கையில் கொடியோடு தலைவர். பஸ்ஸுக்குள் அண்ணியும் பெண்களும். பெரியவளின் பெரிய பெட்டி பின்னால் ஏற்றியாகிவிட்டது.

"பார்வையாளர் பஸ்ல ஏறலாம்" என்றார் அலுவலர்.

"நான் எதுக்கு சார் ஏறணும்?"

"முதல் குடும்பத்தோட பார்வையாளர் கடைசிவரைக்கும் கூடவே போகணும். விதி."

"சார், அண்ணன் இடத்துல பம்ப்புக்கு நிக்க வேண்டிய மாத்தும் நான்தானே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டும் நீங்கதானா?"

"ஆமா சார். நம்ம நிலையத்துல பதில் ஆள் ஒருத்தன்தான்."

"இதை முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?"

"ஒத்திகை அன்னைக்குச் சொன்னேன் சார். சந்தோஷத்துக்கு நடுவுல நிர்வாகம் பேசாதேன்னு சொன்னீங்க."

தலைவர் கொடியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். அலுவலரின் நெற்றியில் வேர்வை வந்தது. ஆனால் கழிவுநீரில் அனுபவப்பட்டவருக்கு வழி தெரியாமல் போகுமா? என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பம்ப் அறைக்கு ஓடினார். அண்ணன் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அலுவலர் வாசற்படிக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

"ஒரு சின்னச் சிக்கல். பம்ப்புக்குப் பதில் ஆள் இல்ல. ஆனா கவலைப்படாதீங்க, விடுமுறைக்குப் பதில் ஆள் இருக்கார். உங்களுக்குப் பதிலா இவர் போவார்."

அண்ணனுக்குப் புரியவில்லை. "எங்க சார்?"

"உங்க குடும்பத்தோட. பதில் தந்தையா. யோசிச்சுப் பாருங்க, இந்த மோட்டாரை இவர் ஓட்டினா என்ன, நீங்க ஓட்டினா என்ன, தண்ணி ஒண்ணுதான். ஊருக்குத் தண்ணி நிக்கக் கூடாது, குடும்பத்துக்குக் களிப்பு நிக்கக் கூடாது. ரெண்டும் நிக்காம பண்ணிட்டோம் பார்த்தீங்களா? தயவுசெஞ்சு அந்தச் சட்டையைக் கழட்டிக் குடுங்க. போட்டோவுல மஞ்சள் வரணும்."

"சார், பெரிய பொண்ணு அங்கிருந்தே போயிடுவா சார். நான் அவளை..." என்றார் அண்ணன். நான் சொன்னேன், நான் உள்ளே போய் நிற்கிறேன், பார்வையாளர் இல்லாமல் பஸ் போகட்டும் என்று. பார்வையாளர் இல்லாத பயணம் கணக்கிலேயே வராது, வராத பயணத்துக்குக் கொடி அசைத்தால் தலைவருக்கு அவமானம், பஸ்ஸையே ரத்து செய்துவிடுவேன் என்றார் அலுவலர். அண்ணி பஸ்ஸில். சின்னவள் படகைப் பற்றிப் பாட்டே கட்டியிருந்தாள். அண்ணன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி, மடித்து, என்னிடம் நீட்டினார்.

"பெரியவளுக்கு பஸ்ல வாந்தி வரும். முன் சீட்டுல உக்கார வை" என்றார்.

வாசற்படியைத் தாண்டி வர அவருக்கு உரிமை இல்லை, பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் அந்தப் பக்கமாகத் திரும்பியபோது பனியனோடு படியில் நின்று கையை ஆட்டினார். பெரியவள், "நிறுத்துங்க, அப்பாகிட்டச் சொல்லிட்டு வர்றேன்" என்று எழுந்தாள். அந்த இடத்தில் நிறுத்தம் திட்டத்தில் இல்லை என்றார் அலுவலர். டிரைவர் மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார். நல்ல மனுஷர்.

பதில் தந்தையின் கடமைகளை அலுவலர் பஸ்ஸிலேயே எனக்கு ஓதினார். நாளுக்கு ஒருமுறை கண்டிக்க வேண்டும். தண்ணீருக்குப் பக்கத்தில் போனால் "பார்த்துப் போ" என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆனதும் பணி முடிந்தது. நான் பதில் தந்தைதானே தவிர பதில் கணவர் இல்லை என்பதை விளக்கி, விடுதி வரவேற்பறை பெஞ்சில் எனக்குப் படுக்கை ஒதுக்கியிருந்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாரியத்துக்குப் புத்தி இருந்தது.

ஏரி அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சட்டை எனக்குப் பத்தவில்லை, அக்குளில் பிடித்தது. சின்னவள் படகில் குதித்தாள். "பார்த்துப் போ" என்றேன். "நீங்க யாரு எனக்குச் சொல்ல?" என்றாள். அலுவலர், கண்டித்தல் ஒன்று முடிந்தது என்று சந்தோஷப்பட்டார். அண்ணி வாக்குப்படி சமைக்கவில்லை. சமைத்துப் போட்டதைச் சாப்பிடவும் இல்லை. "அவருக்கு யாரு தட்டு மூடி வைப்பாங்க?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். பெரியவள் முதல் நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பெட்டியை இறக்க அவர்கள் அறைக்குக் கூப்பிட்டார்கள். தரையில் நாலு பாய் விரித்திருந்தது. மூன்றில் போர்வை கசங்கிக் கிடந்தது. சுவரோரத்துப் பாயில் தலையணை வைத்த இடத்திலேயே இருந்தது, போர்வை மடித்தபடி. பெரியவள் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அங்கிள், அப்பா அங்க என்ன பண்ணுவார்? பம்ப்புக்குப் பக்கத்துல?"

"நிப்பார்மா. நடப்பார். சத்தம் கேப்பார்."

"எங்களைப் பத்திப் பேசுவாரா?"

எங்கள் அறையில் மோட்டார் சத்தத்துக்கு மேல் யார் பேச முடியும்? ஆனால் அவளுக்குப் பரீட்சை இருந்த அன்றெல்லாம் அண்ணன் நிமிஷத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்ப்பார், நேரம் முடிந்ததும், "எழுதி முடிச்சிருப்பா" என்று மோட்டாரிடம் சொல்வார். அதைச் சொன்னேன். அவள் பெட்டியின் பூட்டை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் மூடினாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, அப்பாவைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் எதற்குச் சிரிப்பார், யாரிடம் கோபப்படுவார், குளிர்காலத்தில் கால் வலிக்கிறது என்பாரா. பெற்ற தகப்பனைப் பற்றிப் பதில் ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன்.

விமான நிலையத்தில் அலுவலருக்கு விடைபெறும் காட்சி தேவைப்பட்டது. "தந்தை தலைமேல கை வைக்கணும். மகள் குனியணும். அழுகை வேண்டாம், கண் கலங்கினா போதும்." அண்ணியைக் கட்டிக்கொண்டு விம்மியவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து குனிந்தாள். அவள் தலையில் கை வைத்தேன். "கை நல்லா தெரியணும், இன்னொரு தரம்" என்றார் அலுவலர். இன்னொரு தரம் வைத்தேன். அவள் யாருக்கும் கேட்காமல், "அப்பாகிட்டப் போய்ச் சொல்லிடுங்க" என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்குள் கண்ணாடிக் கதவு மூடிவிட்டது.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பம்ப் அறைக்குப் போனேன். ஷிப்ட் மாறும்போது நடந்ததையெல்லாம் அடுத்தவரிடம் வாயால் ஒப்பிப்பது எங்கள் வழக்கம். எந்த மோட்டார் சூடு, எந்த வால்வு கசிவு என்று. அண்ணன் மோட்டார் பக்கத்தில் நின்று, மற்ற நாளைப் போலவே கேட்டார். "சொல்லு."

"முன் சீட்டுல உக்கார வச்சேன். வாந்தி வரல. சின்னவ ரெண்டு தரம் படகுல போனா. அண்ணி சரியா சாப்பிடல. உங்களுக்கும் சேத்துப் பாய் விரிச்சிருந்தாங்க."

"ம்."

"பெரியவ தலையில கை வச்சேண்ணே. வைக்கச் சொன்னாங்க."

அண்ணன் என் கையைப் பார்த்தார். "காதுக்கு மேல ஒரு தழும்பு இருக்குமே. சின்னதுல கட்டில்ல இருந்து விழுந்தா. கையில பட்டுச்சா?"

"தெரியலண்ணே. முடி நிறைய."

"ஆமா. முடி நிறையதான்" என்றார். எனக்கு அந்தப் பாழாய்ப்போன கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாரியம் பாராட்டு விழா எடுத்தது. அலுவலர் மேடையில் உருகினார். "ஒரு தகப்பன் இல்லாமலேயே ஒரு குடும்பம் முழுசாக் களிக்க முடியும்னு நாம நிரூபிச்சிருக்கோம்! இந்த வெற்றியைப் பார்த்துட்டுத் தலைவர் திட்டத்தை விரிவாக்கச் சொல்லிட்டார். இனிமே பிள்ளைங்க பள்ளிக்கூட விழா, பிரசவம், பெத்தவங்களோட கடைசி நேரம், எல்லாத்துக்கும் பதில் ஆள் அனுப்பப்படும். ஊழியர்கள் எந்தக் கவலையும் இல்லாம வேலையில நிக்கலாம். நானே என் வீட்டுக்கு ஒருத்தரை அனுப்பிப் பார்த்தேன். என் சம்சாரம் திரும்பி வந்துட்டாங்க. அவர் இருக்கற வரைக்கும் இருக்கறேன்னு சொல்லியிருக்காங்க." எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டாதவர் பெயரைக் குறித்துக்கொள்ள ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். அண்ணனுக்கு ஒத்துழைப்புக்காக ஒரு பரிசு: ஏரிக்கரையில் அண்ணி, இரண்டு பெண்கள், இறுக்கமான மஞ்சள் சட்டையில் நான், கண்ணாடி போட்ட பெரிய படம். அதைப் பம்ப் அறையில் மாட்ட வேண்டும் என்று உத்தரவு. நான் வேண்டாம் என்றேன். "மாட்டு. அவளும் இருக்காளே" என்றார் அண்ணன். அவரே ஆணி அடித்தார்.

அடுத்த மாதம் இரவு ஆளுக்குக் காய்ச்சல், அந்த இடத்தில் நான். சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அண்ணனுக்கு போன் வந்தது. பெரியவள். அண்ணன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நேராக நின்றார்.

"சாப்பிட்டேன்மா... நல்லா இருக்கேன்... நீ?... அங்க குளிருதா?... சரி... சரிம்மா."

அவர் ஏதோ வார்த்தை தேடுவது போல இருந்தது, கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து போனை என்னிடம் நீட்டினார்.

"உன்கிட்டப் பேசணுமாம்."

"என்கிட்டயா? நீங்க பேசுங்கண்ணே."

"என்கிட்டப் பேசி முடிச்சிட்டா."

வாங்கினேன். அவர் திரும்பி, சுவரோரமாகப் போய் நின்றார். அந்தப் பக்கம் அவள் குரல் அவசரமாக வந்தது. "அங்கிள், அப்பாகிட்டக் கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்வார். வேற எதுவும் வராது. எனக்கும் வரல. நீங்க பக்கத்துலதானே நிக்கறீங்க? பார்த்துச் சொல்லுங்க அங்கிள். அப்பா எப்படி இருக்கார்?"

பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நல்லா இருக்கார்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவருக்குப் பதிலாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்தது.

"அழுதுக்கிட்டு இருக்கார்மா" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அண்ணன் பக்கத்தில் போய், போனை அவர் காதில் வைத்தேன். கையால் தள்ளினார். மறுபடியும் வைத்தேன். அவர் கை மெதுவாக வந்து அதைப் பிடித்துக்கொண்டது. நான் மோட்டார் பக்கம் வந்துவிட்டேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசினார்களா, அழுதார்களா, பம்ப் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.